பொருளுரை கடைசியில் வரட்டும்: நடுநிலை வகுப்புகளில் கவிதையை ஆய்ந்து படிக்கப் பழக்குதல்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை எந்தச் செய்யுள் பாடத்தைத் திறந்தாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். ‘நுழையும்முன்’ என்று ஒரு பத்தி, பிறகு பாடல், அதன்கீழே ‘சொல்லும் பொருளும்’, அடுத்து ‘பாடலின் பொருள்’, ‘நூல் வெளி’, கடைசியில் மதிப்பீட்டு வினாக்கள். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு இந்த அமைப்பு பெரிய துணை. சிக்கல், வகுப்பிலும் இதே வரிசையில் பாடம் நடத்தும்போதுதான் வருகிறது. ஆசிரியர் ஒருமுறை வாசிக்கிறார், வரிக்கு வரி பொருள் சொல்கிறார், பிள்ளைகளின் கண் பாடலைத் தாண்டிக் கீழே இருக்கும் உரைநடைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு பாடல் என்பது மனப்பாடப் பகுதி மட்டுமே. அதில் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை.

இதன் விளைவு உயர்நிலை வகுப்புகளில் தெரியும். முன்பின் பார்க்காத ஒரு பாடலைக் கொடுத்து ‘நயம் பாராட்டுக’ என்றதும் பெரும்பாலான மாணவர்கள் ஒரே வாய்பாட்டை எழுதுகிறார்கள்: மையக்கருத்து இரண்டு வரி, எதுகைக்கு ஒரு சோடி, மோனைக்கு ஒரு சோடி, ‘கவிஞர் சிறப்பாகப் பாடியுள்ளார்’. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு பாடலைத் தாமே அணுகிப் பார்க்கும் பழக்கம் 10 வயது முதல் 13 வயதுக்குள் ஏற்பட்டிருக்க வேண்டும். அந்த வயதில் அவர்களுக்குக் கிடைத்ததோ பொருளுரை. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவர புதிய பாடநூல் எதுவும் தேவையில்லை. வரிசையை மாற்றினால் போதும். பாடல் முதலில், பிள்ளைகள் கவனித்தவை அடுத்து, கேள்விகள் அதற்கடுத்து, பொருளுரை கடைசியில்.

எந்தப் பாடலை எடுப்பது

ஆய்ந்து படிப்பதற்கான பாடல் குட்டியாக இருக்க வேண்டும். 4 முதல் 10 வரி போதும். புதிய சொற்கள் ஐந்துக்கு மேல் இருந்தால் பாடவேளை முழுவதும் அகராதி வேலையிலேயே கரைந்துவிடும். இன்னொரு நிபந்தனை இதைவிட முக்கியம்: பாடல் தன் கருத்தைத் தானே வெளிப்படையாகச் சொல்லி முடித்துவிடக் கூடாது. ‘உண்மையே பேசு, உழைத்து முன்னேறு’ என்று நேராகச் சொல்லும் அறப்பாடலை வாசிக்கலாம், பாடலாம், மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆய்வதற்கு அதில் இடமில்லை. ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்ட பாடல்தான் பிள்ளைகளைப் பேசவைக்கும்.

திருக்குறள் இரண்டே அடி என்பதால் எளிது என்று நினைத்து 5ஆம் வகுப்பில் அதையே தொடக்கமாக எடுப்பதுண்டு. உவமையுள்ள குறள் என்றால் பயன்படும். ‘இனிய உளவாக இன்னாத கூறல் / கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்பதை எடுத்துக்கொண்டால், ‘இனிய சொல் கனி போன்றது, கடுஞ்சொல் காய் போன்றது’ என்று சொல்லிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். அங்கேயே விடக் கூடாது. ‘இருப்ப’ என்பதற்கு மேல் அடியில் இணை எது? ‘உளவாக’. ‘கவர்ந்தற்று’க்கு இணை? ‘கூறல்’. நான்கு சோடிகளையும் கோடிட்டு இணைத்துப் பார்த்த பிறகுதான் குறளின் உண்மையான குத்தல் தெரியும்: கனி கிடைக்காததால் காயைத் தின்னவில்லை, கையெட்டும் தூரத்தில் கனி இருந்தும் காயை எடுத்தான். கடுஞ்சொல் பேசுகிறவனிடம் நல்ல சொல் இல்லாமலில்லை. உவமையில் எத்தனை புள்ளிகள் பொருந்துகின்றன என்று எண்ணவைப்பது 10 வயதுப் பிள்ளைக்கு ஏற்ற, ஆனால் நிஜமான ஆய்வு வேலை.

தாளில் பாடல் எப்படி இருக்க வேண்டும்

பல வகுப்புகள் தடுக்கி விழும் இடம் இது. பழம்பாடல்கள் பெரும்பாலும் சீர் பிரித்து அச்சிடப்படுகின்றன. சீர் என்பது ஓசையின் அளவு; அது சொல்லோடு சேர்ந்து முடிய வேண்டியதில்லை. மேலே வந்த குறளிலேயே ‘காய்கவர்ந் தற்று’ என்று ஒரு வெட்டு இருக்கிறது. ‘அவ்வெண் ணிலவில்’ என்று அச்சில் பார்க்கும் பிள்ளை ‘ணிலவில்’ என்பதைத் தனிச்சொல்லாக எடுத்துக்கொண்டு, பழந்தமிழ் தனக்கு விளங்காத வேறொரு மொழி என்று முடிவுகட்டிவிடும். பொருள் புரியாததால் வந்த தயக்கம் அன்று அது. அச்சு வடிவத்தால் வந்தது.

எனவே ஆய்வுக்கு எடுக்கும் பாடலைச் சொல் பிரித்து ஒருமுறை, மூலவடிவில் ஒருமுறை என இரண்டாக எழுதிக் கொடுக்க வேண்டும். 1950களில் மர்ரே எஸ். ராஜம் சங்க நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டதன் நோக்கமே சாதாரண வாசகருக்கு இந்தத் தடையை நீக்குவதுதான். பள்ளிப் பிள்ளைக்கு அது இன்னும் அதிகம் தேவை. 5, 6ஆம் வகுப்பில் சொல் பிரித்த வடிவில் தொடங்கி மூலத்தைப் பிறகு காட்டலாம். 8ஆம் வகுப்பில் மூலத்தைக் கொடுத்துப் பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லலாம்.

தாளில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. வரிகளுக்கு எண் இருக்க வேண்டும். ‘மூன்றாம் வரியில்’ என்று சுட்டிக்காட்டிப் பேச அது உதவும். இடப்பக்கமும் வலப்பக்கமும் மூன்று விரற்கடை அகலமாவது வெற்றிடம் இருக்க வேண்டும்; பிள்ளைகள் எழுதப்போவது அங்கேதான். பாடநூலிலேயே எழுதச் சொன்னால் கீழே இருக்கும் பொருளுரை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நகலெடுக்க வசதியில்லாத பள்ளியில் கரும்பலகையில் எழுதி, நோட்டில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதிக்கொள்ளச் சொன்னால் போதும். அப்படி எழுதுவதற்குப் போகும் எட்டு நிமிடம் வீணாகாது; எழுதும்போதே சில பிள்ளைகள் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

முதல் வாசிப்பு

நம் பள்ளிகளில் செய்யுளுக்கென்று ஓர் இராகம் இருக்கிறது. எந்தப் பாடலானாலும் அதே ஏற்ற இறக்கத்தில் வகுப்பே சேர்ந்து சொல்லும். மனப்பாடத்துக்கு அது நல்லது. ஆய்வதற்கு அது எதிரி, ஏனென்றால் வீரப்பாட்டும், இறந்தவரை நினைத்து வருந்தும் கையறுநிலைப் பாட்டும் ஒரே ஓசையில் வெளிவரும். ஆய்வு வகுப்பில் மூன்று வாசிப்புகள் தேவை. முதலாவது ஆசிரியர் வாசிப்பது, பேச்சுத் தொனியில், மெதுவாக, விளக்கம் எதுவும் இல்லாமல். இரண்டாவது மாணவர்களின் மௌன வாசிப்பு, கையில் பென்சிலோடு. மூன்றாவது இருவர் இருவராக ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவது. பாடலை இராகம் போட்டுச் சொல்வது இரண்டாம் பாடவேளையின் கடைசியில் வரலாம்.

மௌன வாசிப்பின்போது ஒவ்வொருவரும் மூன்று குறிகள் மட்டும் இடவேண்டும். திரும்ப வரும் சொல்லுக்கோ ஒலிக்கோ வட்டம். புரியாத இடத்துக்குக் கேள்விக்குறி. ‘இது ஏன் இப்படி இருக்கிறது’ என்று தோன்றும் இடத்துக்கு ஓர் அடிக்கோடு. மூன்றுக்கு மேல் குறி கொடுத்தால் பிள்ளைகள் குறிகளின் பட்டியலைத்தான் பார்ப்பார்கள், பாடலைப் பார்க்கமாட்டார்கள்.

அதன்பின் முதல் கேள்வி. ‘கவிஞர் என்ன சொல்ல வருகிறார்?’ என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு சரியான விடை ஆசிரியர் கையில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அதை ஊகிக்கும் விளையாட்டு தொடங்கிவிடும். ‘என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்டால் யாரும் தவறாகச் சொல்ல வழியில்லை. ‘அஞ்சு வரிதான் இருக்கு’ என்பதும் விடைதான். கேட்ட பிறகு மனத்துக்குள் பத்து எண்ணும் வரை ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. எப்போதும் கையை உயர்த்தும் நான்கு பிள்ளைகளைத் தாண்டி ஐந்தாவது கை எழுவது அந்த அமைதியில்தான்.

அக்கினிக் குஞ்சு: ஒரு பாடவேளை

6, 7ஆம் வகுப்புகளுக்குப் பாரதியின் இந்தப் பாடலைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம்.

அக்கினிக் குஞ்சொன்று கண்டேன் – அதை
அங்கொரு காட்டிலோர் பொந்திடை வைத்தேன்;
வெந்து தணிந்தது காடு, – தழல்
வீரத்தில் குஞ்சென்றும் மூப்பென்றும் உண்டோ?
தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்.

அக்கினி, பொந்து, இடை, தழல், மூப்பு ஆகிய ஐந்து சொற்களுக்கு மட்டும் பொருள் கொடுத்துவிடலாம். ‘இடை’ என்பதை இடுப்பு என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருப்பார்கள். ‘பொந்திடை’ என்றால் பொந்துக்குள் என்று சொல்லிக் கடந்துவிட வேண்டும்.

‘என்ன பார்த்தீர்கள்?’ சுற்று முடிந்ததும் வினைச்சொற்களுக்குப் போகலாம். கண்டேன், வைத்தேன், வெந்து தணிந்தது. முதல் இரண்டையும் செய்தவர் யார்? ‘நான்’. மூன்றாவதில் ‘நான்’ எங்கே போனார்? காணோம். அவர் செய்தது ஒரு சின்னப் பொறியைக் கொண்டுபோய் வைத்தது மட்டும்தான். மீதியைத் தழல் பார்த்துக்கொண்டது. அடுத்த கேள்வி: காடு எரிவதை எத்தனை வரியில் சொல்லியிருக்கிறார்? பிள்ளைகள் தேடுவார்கள். எரிவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டாம் வரியில் வைக்கிறார், மூன்றாம் வரியில் எல்லாம் முடிந்து தணிந்தே போய்விட்டது. அத்தனை பெரிய காட்டுத்தீ இரண்டு வரிகளுக்கு நடுவே இருக்கிறது.

இங்கே மாற்றிப் பார்க்கும் பயிற்சியைக் கொடுக்கலாம். ‘வெந்து தணிந்தது காடு’ என்பதை ‘காடு முழுவதும் எரிந்துபோனது’ என்று மாற்றி இரண்டையும் வாசிக்கச் சொல்ல வேண்டும். எது குறைகிறது? பிள்ளைகள் சொல்லக்கூடியவை: வேகம் போய்விட்டது, ‘காடு’ கடைசியில் வந்தபோது ஓர் அடி விழுந்தது போலிருந்தது, முதலில் வந்தால் அது இல்லை, ‘முழுவதும்’ என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை, ‘தணிந்தது’ என்பதிலேயே எரிய ஒன்றும் மிச்சமில்லை என்பது இருந்தது. ஒரு சொல்லையோ சொல்வரிசையையோ மாற்றி இழப்பைப் பார்க்கும் இந்தப் பயிற்சி எந்தப் பாடலுக்கும் பொருந்தும். ஒரே ஒரு உத்தியை மட்டும் ஓர் ஆசிரியர் எடுத்துக்கொள்வதானால் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு ‘குஞ்சு’. நெருப்பின் சிறு துண்டைப் பொறி என்றுதானே சொல்வோம்? குஞ்சு என்றால் கோழிக்குஞ்சு, குருவிக்குஞ்சு. ‘பொந்தில் எது குடியிருக்கும்?’ என்று கேட்டால் கிளி, மைனா, ஆந்தை என்று பதில் வரும். சொல்லும்போதே வகுப்பில் யாராவது ஒருவர் இரண்டையும் இணைத்துவிடுவார். குஞ்சைக் குஞ்சுக்குரிய இடத்தில் வைத்திருக்கிறார். நான்காம் வரியில் குஞ்சுக்கு எதிராக மூப்பு வருகிறது. குஞ்சு, பொந்து, மூப்பு என்று ஒரே உருவகம் பாடல் முழுக்க ஓடுகிறது. ‘உருவகம்’ என்ற இலக்கணச் சொல்லைக் கரும்பலகையில் எழுத இதுதான் நேரம். அதற்கு முன்பே எழுதினால் பிள்ளைகள் பெயரை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியில் பெரிய கேள்வி. காடு எதைக் குறிக்கிறது? இரண்டு வகை விடைகள் உடனே வரும். ஒன்று, ‘காட்டை எரிக்கக் கூடாது’. எல்லாப் பாடலிலும் ஒரு நீதி இருக்கும் என்று பழகியதன் விளைவு. மற்றொன்று, அண்ணனோ அக்காவோ நோட்ஸிலிருந்து சொல்லிக்கொடுத்த ‘சுதந்திர வேட்கை’. இரண்டையும் ஒரே கேள்வியால் எதிர்கொள்ள வேண்டும்: ‘எந்த வரி உன்னை அப்படிச் சொல்லவைத்தது?’ முதல் விடைக்கு வரி கிடைக்காது. அப்போது ஐந்தாம் வரியைக் காட்டலாம். தத்தரிகிட தித்தோம் என்பது ஆட்டத்துக்கான தாளச் சொற்கட்டு. காடு அழிந்ததற்கு வருந்துகிறவர் தாளம் போட்டு ஆடுவாரா? மாட்டார். அப்படியென்றால் இந்தக் காடு எரிந்தே தீரவேண்டிய ஒன்று என்று பேசுபவர் நினைக்கிறார். எரிய வேண்டியவை என்று நீங்கள் எதையெல்லாம் சொல்வீர்கள்? அறியாமை, பயம், சாதி, அடிமைத்தனம் என்று பட்டியல் நீளும். 1882 முதல் 1921 வரை வாழ்ந்த பாரதியின் காலத்தில் இந்தியா யார் ஆட்சியில் இருந்தது என்ற தகவலை இப்போது கொடுத்தால் ‘விடுதலை’ என்ற விடைக்கும் ஓர் அடித்தளம் கிடைக்கும். அதுவரை அது கடன் வாங்கிய விடை.

இலக்கணச் சொற்கள் எப்போது

எதுகையும் மோனையும் சொல்லிக்கொடுப்பது சுலபம், மதிப்பெண்ணும் உறுதி. ஆகவே கவிதை ஆய்வு என்பதே எதுகை மோனைக்கு அடிக்கோடிடுவது என்று ஆகிவிடுகிறது. பிள்ளைகள் இரண்டாம் எழுத்தைத் தேடி ஓடும்போது வரியின் பொருள் அவர்கள் காதில் விழுவதில்லை. எதுகை, மோனை போன்ற இந்தத் தொடை நயத்தைக் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் ‘இந்த ஒலி எந்த இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டுகிறது? அவை ஏன் சேர வேண்டும்?’ என்ற கேள்வியோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். கனி, காய் இரண்டும் மோனையால் கட்டுண்டவை, பொருளால் எதிரானவை. இதைச் சொல்லத் தெரிந்த மாணவருக்கு மோனை விளங்கிவிட்டது.

5ஆம் வகுப்பில் எதுகை, மோனை, இயைபு என்ற மூன்று பெயர்களும் ஒலி ஒற்றுமை என்ற அளவில் போதும். 6, 7இல் உவமை, உருவகம், முரண். உவமையையும் உருவகத்தையும் பிரிப்பதில் குழப்பம் வருவது இயல்பு. ‘போல’ இருந்தால் உவமை என்ற குறுக்குவழி, உருபு மறைந்து வரும் இடத்தில் கைவிட்டுவிடும். மலர்முகம், முகமலர் என்ற சோடியைச் சொல்லிப் பழக்குவது நல்லது: மலர் போன்ற முகம் உவமை, முகமாகிய மலர் உருவகம். ‘போன்ற’ பொருந்துகிறதா ‘ஆகிய’ பொருந்துகிறதா என்று பிள்ளையே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வெ–வீ போன்ற இனமோனையை 8ஆம் வகுப்புக்குத் தள்ளிவைக்கலாம். ‘வெந்து’ என்பதற்கும் ‘வீரத்தில்’ என்பதற்கும் மோனை உண்டென்று 6ஆம் வகுப்பில் சொன்னால், எழுத்து வேறாயிற்றே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, இகர எகரக் குடும்பத்தை விளக்கப் போனால் பாடல் கையை விட்டுப் போய்விடும்.

‘கவிஞர்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. பாடலில் வரும் ‘நான்’ எல்லாம் கவிஞரே என்று பிள்ளைகள் எழுதுவார்கள். பாடியவர் வேறு, பாடலுக்குள் பேசுபவர் வேறு என்பதைத் தமிழ் மரபு ‘கூற்று’ என்ற சொல்லால் வெகு காலமாகச் சொல்லிவந்திருக்கிறது. சங்க அகப்பாடல்கள் எல்லாம் தலைவி கூற்று, தோழி கூற்று என்றுதான் வகுக்கப்பட்டிருக்கின்றன. ‘இது யார் கூற்று?’ என்ற கேள்வியை 6ஆம் வகுப்பிலேயே பழக்கிவிட்டால் பின்னாளில் பெரும் குழப்பம் தீரும்.

பாரிமகளிர் பாடல்: 8ஆம் வகுப்புக்கு இரண்டு பாடவேளை

புறநானூற்றின் 112ஆம் பாடல். முதலில் மூல வடிவம்:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

இதைக் கற்பிக்கும்போது பொதுவாக நடக்கும் பிழை, வரலாற்றை முதலில் சொல்லிவிடுவது. பறம்பு மலை, வள்ளல் பாரி, முல்லைக்குத் தேர், மூவேந்தர் முற்றுகை, கபிலர் நட்பு என்று அரைமணி நேரக் கதை. கதை அருமையானதுதான். அது முடியும்போது பாடலைத் தனியே வாசிக்கத் தேவையே இராது. மாறாக, எந்தை என்றால் எம் தந்தை, அற்றை இற்றை என்றால் அன்று இன்று, கொளார் என்றால் கொள்ளவில்லை, இலம் என்றால் இல்லாதவர்கள் ஆனோம் என்று மட்டும் சொல்லிப் பாடலைக் கொடுக்க வேண்டும். ‘யாரோ எதையோ இழந்திருக்காங்க’ என்று பத்து நிமிடத்தில் வகுப்பு சொல்லிவிடும். ‘ஒருத்தருக்கு மேல பேசுறாங்க’ என்று யாரேனும் ‘உடையேம்’ என்ற பன்மையைப் பிடித்தால் அன்றைய பாடவேளை வென்றுவிட்டது. பெயர்களையும் ஊரையும் அதன்பின் சொன்னால் நான்கு வாக்கியத்தில் முடியும்: சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் அந்தப் பறம்பு, அதை ஆண்ட பாரியை மூவேந்தர் முற்றுகையிட்டார்கள், அவன் இறந்தான், பாடியவர்கள் அவன் மகளிர்.

அடுத்து, கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் அன்று, வலப்பக்கம் இன்று. எது மாறவில்லை? திங்கள், வெண்ணிலவு. எது மாறியது? தந்தை, குன்று. இந்த அட்டவணையைப் பிள்ளைகளே நிரப்ப வேண்டும். ‘திங்கள்’ என்பதற்கு அகராதியில் நிலவு, மாதம் இரண்டும் இருக்கும். எது பொருந்துகிறது என்று இரண்டையும் வரியில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டும் பொருந்தும் என்று சொன்னாலும் சரியே.

இனி எழுத்தளவில் பார்க்கலாம். முதல் வரியையும் மூன்றாம் வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் வேறுபாடு எத்தனை எழுத்து? இரண்டே இடம். அற்றை–இற்றை, அவ்–இவ். இரண்டிலும் அகரம் இகரமாகிறது, அவ்வளவுதான். சேய்மைச் சுட்டு, அண்மைச் சுட்டு என்று இலக்கணப் பகுதியில் படித்த அதே அ, இ. அந்தச் சுட்டெழுத்து ஒன்று மாறியதில் ஒரு நாடே போயிருக்கிறது. எதுகையால் இரு வரியும் ஒன்றுபோல ஒலிக்கின்றன. நிலா ஒன்றுதான் என்று ஓசை சொல்கிறது, எல்லாம் போயிற்று என்று சுட்டு சொல்கிறது. தொடை நயம் பொருளுக்கு என்ன செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடல் பள்ளிக்கு எட்டும் தொலைவில் அரிது.

வரிசையையும் கவனிக்கச் சொல்ல வேண்டும். அன்று: முதலில் தந்தை, பிறகு குன்று. இன்று: முதலில் குன்று, பிறகு தந்தை. ஏன் திருப்பிப் போட்டார்கள்? ‘கடைசி வரைக்கும் அதைச் சொல்ல முடியலை’, ‘பெரிய இழப்பைக் கடைசியில வெச்சாங்க’, ‘அப்பாவில் தொடங்கி அப்பாவில் முடியுது’ என்று மூன்று விதமான விடைகள் வரலாம். மூன்றுக்கும் பாடலில் ஆதாரம் இருக்கிறது. எதையும் வெட்ட வேண்டாம்.

‘வென்றெறி முரசின்’ என்று எதிரிக்கு ஏன் அடைமொழி? பாடலிலேயே மிகப் பெரிய அடைமொழி அவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. புகழ்ச்சியா, குத்தலா? வகுப்பு இரண்டாகப் பிரியும். இரு தரப்பும் அந்த வரியைத் தாம் நினைக்கும் தொனியில் வாசித்துக் காட்டட்டும்; இந்த இடத்தில் வாய்விட்டு வாசிப்பதே வாதம்.

கடைசியாக, துயரத்தைக் குறிக்கும் சொற்களைப் பாடலிலிருந்து எண்ணி எழுதச் சொல்ல வேண்டும். அழுகை, கண்ணீர், வருத்தம், துன்பம் எதுவுமே இல்லை. பூஜ்யம். பிறகு இந்தச் சோகம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடும் 13 வயதுப் பிள்ளை கவிதை எப்படி வேலை செய்கிறது என்பதன் நடுப்பகுதிக்கே வந்துவிடுகிறது. கையறுநிலை என்ற துறைப்பெயரை இதற்கு மேல் சொல்லலாம்.

எழுத்தில் கொண்டுவருதல்

வாயால் இவ்வளவு பேசிய வகுப்பு, எழுதச் சொன்னதும் பழைய வாய்பாட்டுக்குத் திரும்பும். ‘இப்பாடல் படிப்போர் உள்ளத்தைக் கவரும் வகையில் அமைந்துள்ளது. எதுகையும் மோனையும் பாடலுக்கு அழகு சேர்க்கின்றன.’ இதைத் திருத்த ஒரு சோதனை உண்டு. நீ எழுதிய வாக்கியம் வேறு ஏதாவது பாடலுக்கும் பொருந்துமா? பொருந்தினால் அடித்துவிடு. இந்தச் சோதனையைப் பிள்ளைகளே பக்கத்துப் பிள்ளையின் தாளில் செய்யலாம். முதல் முறை பாதிக்கு மேல் அடிபடும்; ஆகவே அதற்கு மதிப்பெண் போடக் கூடாது.

அமைப்புக்கு மூன்று பகுதி போதும்: கருத்து, வரி, விளக்கம். நான் சொல்வது என்ன, அதைக் காட்டும் சொல் எது, அந்தச் சொல் அதை எப்படிக் காட்டுகிறது. 5ஆம் வகுப்பில் கருத்தும் வரியும் மட்டும், இரண்டு வாக்கியம். 8ஆம் வகுப்பில் மூன்றும் சேர்ந்து ஆறு வாக்கியம் வரை. பாரிமகளிர் பாடலுக்கு நல்ல விடை இப்படி இருக்கலாம்: ‘இந்தப் பெண்கள் நாட்டை இழந்ததைவிடத் தந்தையை இழந்ததையே பெரிதாக நினைக்கிறார்கள். எந்தையும் உடையேம் என்று தொடங்கியவர்கள் எந்தையும் இலமே என்று முடிக்கிறார்கள். குன்று போனதைச் சொன்ன பிறகும் சொல்ல ஒன்று மிச்சம் இருக்கிறது, அது அப்பா.’ இதில் அணியின் பெயர் எதுவும் இல்லை. ஆனாலும் இது ஆய்வு.

மூன்றில் பிள்ளைகள் வழுக்கும் இடம் விளக்கம்தான். வரியை எடுத்துக்காட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்து, அதே வரியை உரைநடையில் திருப்பி எழுதுவார்கள். ‘குன்றையும் கொண்டார்கள், தந்தையும் இல்லை என்கிறார்கள்’ என்பது விளக்கமாகாது. ‘ஏனென்றால்’ அல்லது ‘இதனால்’ என்று விளக்க வாக்கியத்தைத் தொடங்கவைத்தால் திருப்பி எழுதுவது குறையும். மதிப்பெண் 10 என்றால் கருத்துக்கு 2, பொருத்தமான வரிக்கு 3, விளக்கத்துக்கு 4, பிழையில்லா மொழிக்கு 1 என்று பிரிக்கலாம். எழுத்துப்பிழைக்கு அதிகம் வெட்டினால், தெரிந்த சொற்களை மட்டுமே போட்டுப் பாதுகாப்பாக எழுதுவார்கள். புதிதாக எதையும் சொல்லத் துணியமாட்டார்கள்.

தவறான விடைகளைக் கையாள்வதில் இரண்டு எல்லைகள் உண்டு. ‘கவிதைக்கு ஆளுக்கொரு பொருள், எதுவும் சரி’ என்று விட்டுவிட்டால் ஆய்வே இல்லை. ‘கையேட்டில் இப்படித்தான் இருக்கிறது’ என்று மூடிவிட்டாலும் இல்லை. வரி தாங்குமா என்பதே அளவுகோல். ஒரு விடையை ஒரு வரி ஆதரித்து, மற்றொரு வரி மறுத்தால், அந்த இரண்டு வரிகளையும் கரும்பலகையில் எழுதி வகுப்பிடம் விட்டுவிடலாம். ‘சரியான விடை எது மிஸ்?’ என்று கேட்கும் பிள்ளைக்கு, எந்த விடைக்கு அதிக வரிகள் துணை நிற்கின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொல்லலாம்.

பொருளுரையும் வரட்டும். இரண்டாம் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் பாடநூலைத் திறந்து ‘பாடலின் பொருள்’ பகுதியை வாசிக்கவைத்து, ‘நாம் பார்த்ததில் எதை இது சொல்லவில்லை?’ என்று கேட்க வேண்டும். பாரிமகளிர் பாடலை எவ்வளவு நல்ல உரைநடையில் எழுதினாலும் அகரம் இகரமான கதை அதில் வராது. தந்தை கடைசிக்கு நகர்ந்ததும் பெரும்பாலும் வராது. அதைப் பிள்ளைகளே பட்டியலிடுவார்கள்.

புலம்பெயர் நாடுகளில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் இதே முறையை வைத்துக்கொள்ளலாம், ஓரிரு மாற்றங்களோடு. அங்கே பிள்ளைகளின் சிந்தனை வயது 12, தமிழ்ச் சொல்வளம் 7 வயதுக்குரியதாக இருக்கக்கூடும். பாடலைத் தமிழில் வைத்து, பேச்சைப் பள்ளி மொழியில் அனுமதித்து, கடைசி மூன்று வாக்கியங்களை மட்டும் தமிழில் எழுதவைப்பது நடைமுறைக்கு ஏற்றது. சொல் தெரியாததால் கருத்தும் இல்லை என்று எண்ணி மழலைப் பாடல்களையே கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த வயதுப் பிள்ளைகள் வகுப்பை விட்டே போய்விடுவார்கள்.

எல்லாச் செய்யுளையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். பாடத்திட்டம் முடிய வேண்டும், மனப்பாடப் பகுதி கேட்கப்படும், தேர்வு வரும். ஒரு பருவத்துக்கு இரண்டு பாடல்கள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடப் பாடவேளை இரண்டு என்று ஒதுக்கினால் பருவத்தில் நான்கு பாடவேளைதான் செலவாகும். மற்ற பாடல்களை வழக்கம்போல நடத்தலாம், ஒரே ஒரு மாற்றத்தோடு: பொருள் சொல்லுமுன் ஐந்து நிமிடம் ‘என்ன பார்த்தீர்கள்?’ சுற்று. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் யாரும் பார்த்திராத நான்கு வரிப் பாடல் ஒன்றைக் கொடுத்து, உதவி எதுவுமின்றி மூன்று குறிகளும் மூன்று வாக்கியங்களும் எழுதவைத்தால், வகுப்பு எங்கே நிற்கிறது என்பது அந்தத் தாள்களிலேயே தெரியும்.